பறந்து போன பறவையும் வாராக்கடனும்

"போனா போகட்டும், இனிமேலாவது சுதந்திரமா இருக்கட்டும்." கூண்டுப் பறவை தப்பிவிட்டால் வளர்த்தவர் விடும் டயலாக் இது. வாராக்கடன் மாதிரி எழுதித் தள்ளியாச்சு, கணக்கு முடிந்தது. அடுத்த வாரமே இன்னொரு ஜோடி வீட்டுக்கு வரும்.

என்ன சுதந்திரம் ஐயா அது? கடையில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பது பெரும்பாலும் பட்ஜரிகர். பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து, தினைக் கிண்ணத்தைத் தவிர வேறெதுவும் அறியாதது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஜனவரி இரவில் புல் மேல் உறைபனி படியும் கொடைக்கானலில் அது வெளியே போனால் குளிருக்கோ வல்லூறுக்கோதான் இரை.

சரி, பிழைத்தே விட்டால்? லண்டனில் ஆயிரக்கணக்கில் பறக்கும் பச்சைக்கிளிகள், தப்பிய, விடப்பட்ட வளர்ப்புக் கிளிகளின் வாரிசுகள். வெளியூர் உயிர் வேரூன்றினால் என்ன ஆகும் என்று பழனி மலைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வாட்டில் மரம் புல்வெளிகளை விழுங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

இதில் 'தற்செயல்' என்று ஒரு சமாதானம் வேறு. குளிருக்கு மூடியே இருந்த ஜன்னல், வெயில் அடித்ததும் திறக்கப்படும். கூண்டு வராந்தாவுக்கு வரும். மேலே தூக்கும் கதவைப் பறவையே அலகால் தூக்கிவிடும். குரங்குக்கோ அது விளையாட்டு. கதவில் ஒரு துணி கிளிப், ஜன்னலுக்குக் கம்பிவலை, கூண்டைத் திறக்குமுன் அறைக்கதவைச் சாத்துவது, பழைய பங்களா என்றால் கணப்பு அடுப்பின் வாயை மறைப்பது... இவ்வளவுதானே! இதற்குச் சோம்பல்பட்டு இறகை வெட்டுகிறவர்களும் உண்டு. வெட்டிய இறகு வளர்ந்துவிடும். வளரும்வரை பூனை வந்தாலும் தப்ப முடியாது. காற்றடித்தால் அதுவும் வெளியேதான்.

நம்மூர்ப் பச்சைக்கிளி வளர்ப்பவர்கள் இந்த யோசனையைக் குறித்துக்கொள்ள வேண்டாம் :-) 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி.

மற்றவர்கள், பறவை போய்விட்டால் சுதந்திர வசனத்தை ஓரம் கட்டிவிட்டு உடனே தேடலாம். ஜோடிப் பறவையைக் கூண்டோடு வெளியே வைத்துப் பக்கத்திலேயே ஆள் இருக்கவேண்டும். அதன் குரல் கேட்டு மற்றது திரும்பி வருவதுண்டு. பக்கத்து வீடுகளிலும் சொல்லி வைக்கலாம். எல்லாம் இருட்டுவதற்குள், மூடுபனி இறங்குவதற்குள்.