எத்தனை கண்கள் பார்த்தன?

கட்டியிலிருந்து எடுத்த திசு புற்றுநோயா இல்லையா என்பதை, பெரும்பாலும் நுண்ணோக்கி வழியே பார்க்கும் நோயியல் மருத்துவரின் கண்தான் தீர்மானிக்கிறது. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 115 நோயியல் மருத்துவர்கள் மார்பகத் திசு ஸ்லைடுகளைப் பார்த்தார்கள். ஊடுருவிப் பரவிய புற்றில் அவர்களது முடிவு நிபுணர் குழுவின் முடிவோடு 96 சதவீதம் பொருந்தியது. இன்னும் புற்றாகாத, ஆனால் இயல்பு திரிந்துவிட்ட செல்களில் பொருந்தியது 48 சதவீதம்தான். அந்த நடுவிடத்தில்தான் ஒரு பெண்ணுக்கு அறுவை சிகிச்சை வேண்டுமா என்ற கேள்வியே எழுகிறது!

ஆகவே ஒரே மருத்துவமனையின் பழைய ஸ்லைடுகள் சிலவற்றை வைத்து, நோயின் போக்கைச் சொல்லும் புதிய புரதக்குறி கிடைத்துவிட்டது என்று கட்டுரை வந்தால் நான் தயங்குவேன். பார்த்தவர் எத்தனை பேர்? நோயாளிக்குப் பின்னர் என்ன ஆனது என்று தெரியாமல் பார்த்தார்களா? குறி ‘உண்டு’, ‘இல்லை’ எனப் பிரிக்கும் எல்லைக்கோட்டை முன்பே வகுத்தார்களா, விடை தெரிந்தபின் நகர்த்தினார்களா? இத்தகைய விவரங்களை வெளிப்படையாக எழுதச் சொல்லும் ‘ரிமார்க்’ நெறிமுறை 2005-லேயே வந்துவிட்டது. அரிய கட்டிகளுக்குச் சில நோயாளிகளின் விவரமே கிடைக்கும். அதை ஒதுக்கக் கூடாது, அதன் அளவுக்கு மேல் நம்பவும் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கட்டி வகைப்பாட்டு நூல்கள், ஒவ்வொரு வரையறைக்கும் அருகே அதன் சான்று எவ்வளவு வலுவானது என்பதையும் அச்சிட வேண்டும்.