எடை பார்க்கலாம், உறையைப் பிரிக்கலாமா?



பத்துப் பேர் பணியாற்றும் ஒரு சிறு அலுவலகம். அனைவருக்குமாக ஒரே இணைய இணைப்பு. நண்பகலில் அதன் வேகம் குன்றிவிடுகிறது; கணக்கர் வரி விவரத்தை ஏற்ற முடியாமல் திணறுகிறார். உடனே முதலாளியின் பார்வை எங்கே செல்கிறது? தமது அறையின் பக்கமல்ல. கடைசி மேசையில் அமர்ந்திருக்கும் இளைஞன் பக்கம்! "படம் பார்க்கிறான்" என்று தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகிறது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடும் இல்லை.

அரசியல் ஏட்டில் இதற்கு என்ன இடம் என்று கேட்பீர்கள். ஆயிரம் பேர் உழைக்கும் ஆலையின் வாயிலில் கொடி பறக்கிறது, சங்கம் பேசுகிறது. பத்துப் பேர் அமர்ந்திருக்கும் அறைக்குள் பேச யார் இருக்கிறார்கள்? நம் வீட்டுப் பிள்ளைகள், படித்துப் பட்டம் பெற்று, அத்தகைய அறைகளில்தானே அமர்ந்திருக்கிறார்கள்!

அளப்பதே குற்றம் என்று நாம் கூறவில்லை. நேர்மையாக அளந்தால், அது அந்த இளைஞனுக்கே கேடயமாகும். ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் தருகிறது. அந்த எண்ணுக்கு வந்த டேட்டா எத்தனை, சென்றது எத்தனை என்று குறித்து வைக்கும் ஆற்றல் பல ரூட்டர்களுக்கு உண்டு. இல்லாத இடத்தில், நடுவே ஒரு கணினியை அமர்த்திக் கணக்கெடுக்கலாம். ஒரு வாரக் கணக்கைப் புரட்டுங்கள். குற்றவாளி மனிதனாகவே இல்லாமற் போகலாம்! எல்லாக் கணினிகளும் ஒரே வேளையில் விண்டோஸ் புதுப்பிப்பை இறக்கிக்கொண்டிருக்கும். வாசலில் தொங்கும் கண்காணிப்புக் காமிரா, இரவு பகலாகத் தன் படத்தைத் தொலைதூரச் சேமிப்பகத்திற்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஏற்றும் வழி நிரம்பிவிட்டால் இறக்கும் வழியும் தளர்ந்துபோகும். வந்தது கிடைத்தது என்று திரும்பச் சொல்லும் சிறு செய்திகள் அந்த நெரிசலில் சிக்கிக்கொள்வதே காரணம். திருடனைப் பிடிக்க வைத்த காமிராவே வேகத்தைத் திருடுகிறது; பழி மட்டும் பையன் மீது!

இன்னொன்றும் உண்டு. ரூட்டர் எண்ணுவது கருவியை, மனிதரையல்ல. ஒரே கணினியில் காலையில் ஒருவர், மாலையில் மற்றொருவர் அமர்வதுண்டு. இக்காலக் கைப்பேசிகளோ தம் உண்மை அடையாள எண்ணை மறைத்துப் புதிய எண்ணைக் காட்டவும் வல்லவை. "இன்னார் இவ்வளவு தின்றார்" என்று அந்தப் பட்டியலைக் காட்டிச் சம்பளத்தில் கை வைப்பது நீதியாகுமா?

குறையைத் தீர்க்கப் பங்கீடு போதும். ஒவ்வொரு கருவிக்கும் நியாயமான பங்கு கிடைக்குமாறு ரூட்டரிலேயே வரையறுக்கலாம். ரேஷன் கடையில் அரிசியை நிறுத்துத் தருகிறார்கள். வீட்டில் பொங்கலா, புட்டா என்று எவரும் கேட்பதில்லை.

ஆனால் நிறுப்பதோடு நிற்கிறார்களா? தபால் நிலையத்தில் கடிதத்தின் எடையைப் பார்ப்பது முறை; உறையைப் பிரித்துப் படிப்பது அத்துமீறல். இணையத்திலும் இன்று பெரும்பாலான தளங்கள் உறையை ஒட்டியே அனுப்புகின்றன. எந்தத் தளம் என்பது வெளியே தெரியக்கூடும், உள்ளே இருப்பது தெரியாது. அதனால்தான், ஊழியரின் கணினிக்குள்ளேயே ஒற்றன் ஒருவனைக் குடியேற்றும் மென்பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. திரையைப் படம் பிடிப்பான், தட்டும் எழுத்தையெல்லாம் குறித்துக்கொள்வான். 'வேகம் குறைகிறது' என்று தொடங்கிய பேச்சு, 'மனைவிக்கு என்ன எழுதினாய்' என்பதில் போய் முடிகிறது.

கற்பனை என்பீர்களோ? ருமேனியாவில் பார்புலெஸ்கு என்னும் பொறியாளர், 2007இல், அலுவலக யாஹூ மெசஞ்சரைச் சொந்தப் பேச்சுக்குப் பயன்படுத்தியதாகக் கூறி வேலை நீக்கப்பட்டார். மறுத்தவரின் முன் நிர்வாகம் நீட்டியது 45 பக்கங்கள்! சகோதரருடனும் மணக்கவிருந்த பெண்ணுடனும் அவர் பேசிய அந்தரங்கமும் அதில் இருந்தது. பத்தாண்டு போராடினார். 2017 செப்டம்பர் 5 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, 11 நீதிபதிகளுக்கு 6 நீதிபதிகள் என்ற கணக்கில், அவருடைய தனிவாழ்வுரிமை காக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. கண்காணிப்பின் தன்மையும் அளவும் முன்கூட்டியே அவருக்கு அறிவிக்கப்பட்டனவா என்பதே அங்கு முக்கியக் கேள்வியாயிற்று.

அளவுகோலை எதிர்த்த தொழிலாளர் வரலாறு இணையத்தைவிட மூத்தது. 1911 ஆகஸ்டில், அமெரிக்காவின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில், டெய்லர் முறைப்படி கடிகாரம் ஏந்தி ஒருவர் வந்து நின்றதும், வார்ப்புத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். பின்னர் அந்நாட்டு நாடாளுமன்றமே அரசுப் படைக்கலச் சாலைகளில் அந்தக் கடிகாரத்துக்குத் தடை விதித்தது. சில வார்ப்படக்காரர் காட்டிய மானம் அது!

நம் நாட்டில் நிலை என்ன? 2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். மகிழ்ந்தோம். ஆயினும் அத்தீர்ப்பு முதன்மையாக அரசை நோக்கியது. தனியார் முதலாளியின் அறைக்குள் அது தானாக நுழைந்துவிடுவதில்லை. அந்த இடைவெளியை அடைத்திருக்க வேண்டிய 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஏழாம் பிரிவில், வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும், ஊழியரின் ஒப்புதல் இன்றியே அவர் தரவைக் கையாள வழிவிட்டிருக்கிறது. எது நோக்கம், எது இழப்பு என்பதை முதலில் முடிவு செய்பவர் யார்? முதலாளிதானே! காவலுக்கு வந்த சட்டம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உறங்குகிறது. முன்னறிவிப்பின்றிக் கண்காணிக்கக் கூடாது, உள்ளடக்கத்தைத் தொடக் கூடாது என்ற வரம்பு அந்தப் பிரிவில் எழுதப்பட வேண்டும். அதைத் தொழிற்சங்க மேடைகளில் நாம் எழுப்ப வேண்டும்.

எழுப்பும் முன், நமது கிளை அலுவலகங்களையும் பார்ப்போம். அங்கும் இணைப்பு உண்டு, வேகக் குறைவு உண்டு, "அவன்தான்" என்ற முணுமுணுப்பும் உண்டு. கணக்கெடுப்பதாயின், எடுக்கப்போவதை எல்லோரும் காணச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மொத்த அளவை மட்டும் குறியுங்கள்; சென்ற தளங்களின் பெயரை வேண்டாம். மாதம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். அந்தப் பட்டியலின் முதல் வரியில் செயலாளரின் கணினி இருக்கட்டும்.