கடன் தீருமா, காலம் தீருமா?

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்றனர் முன்னோர். வங்கிக்குத் தவணை கட்டிப்பார் என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது!

கணக்கைப் பாருங்கள். 2022 ஏப்ரலில், 7 விழுக்காட்டு மாறும் வட்டியில், 20 ஆண்டுக் கெடுவில் 30 லட்சம் வாங்கினார் ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 23,260 ரூபாய். 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 ஆக்கிற்று. அவர் வட்டியும் 9.5 ஆயிற்று. 30 லட்சத்துக்கு வட்டி மட்டுமே மாதம் 23,750! தவணை வட்டிக்கே போதாது, அசல் அசைவதெங்கே?

தவணையை உயர்த்தவில்லையே என்றனர். கடனாளியைக் கேளாமலே ஆண்டுகளை நீட்டினர். சுமை குறையவில்லை, சுடுகாடு வரை நீண்டது!

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது: தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கடனாளிக்கு உண்டு, நீட்டிப்பால் வட்டிக்கே போதாத நிலை வரலாகாது. வரவேற்கிறோம். ஆனால், அறியாதவன் கையிலே உரிமை இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன? ஆங்கிலக் கடிதம் அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்ததா? தமிழிலே எழுதட்டும், கேட்டு, கையொப்பம் பெறட்டும்!

தோழர்களே, உங்கள் கடன் கணக்கை இன்றே கேட்டு வாங்குங்கள். எத்தனை ஆண்டு மீதி என்று பாருங்கள். வீடு நம்முடையதா, வட்டியினுடையதா என்பது அப்போது விளங்கும்!