நகல் வேறு, போலி வேறு

பொழுதுபோக்குகள் பலவகைப்படும். அஞ்சல்தலைகளைச் சேர்ப்போர் உளர். பழைய நாணயங்களைத் தேடித் திரட்டுவோர் உளர். குத்துச்சண்டை வீரர்கள் வென்ற சாம்பியன் பட்டைகளின் நகல்களைச் சேர்ப்போரும் உலகின் பல நாடுகளில் உள்ளனர். இப்பழக்கத்தைச் சிலர் எள்ளி நகையாடுகின்றனர். தாம் வெல்லாத பட்டையை ஒருவர் தம் வீட்டுச் சுவரில் மாட்டிவைப்பது பொய்ப்பெருமை அன்றோ என்று அவர்கள் வினவுகின்றனர். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று.

ஒலிம்பிக் போன்ற போட்டிகளில் வென்ற குத்துச்சண்டை வீரருக்குப் பதக்கம் கிடைக்கிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் பட்டம் வென்றவருக்கு இடையில் அணியும் அகன்ற பட்டை வழங்கப்படுகிறது. தோல்வாரின்மீது பளபளக்கும் உலோகத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கும். பட்டையின் நிறத்தைக் கொண்டே அதனை வழங்கிய அமைப்பை அறியலாம். உலகக் குத்துச்சண்டைக் குழுவின் பட்டை பச்சை நிறம். பன்னாட்டுக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் பட்டை சிவப்பு நிறம். இந்திய வீரர் விஜேந்தர் சிங் 2016-ஆம் ஆண்டு தில்லியில் நடந்த போட்டியில் உலகக் குத்துச்சண்டை அமைப்பின் ஆசிய-பசிபிக் பட்டத்தை வென்றபோது, நம் நாட்டு மக்களும் இத்தகைய பட்டை ஒன்றை அருகிலிருந்து கண்டனர்.

பட்டையின் மதிப்பு அதன் பொன்னில் இருக்கிறதா, அன்றி அதன் பின்னுள்ள உழைப்பில் இருக்கிறதா? இதற்கு வரலாறு விடை கூறுகிறது. பிரித்தானியாவில் 1909-ஆம் ஆண்டு முதல் லான்ஸ்டேல் பட்டை வழங்கப்பட்டு வருகிறது. ஒருமுறை வென்றால் மட்டும் அது வீரருக்குச் சொந்தமாகிவிடாது. பட்டத்தைப் பலமுறை காத்து நின்றவருக்கே அது நிலையாக உரிமையாகும். ஹென்றி கூப்பர் என்னும் வீரர் அவ்வாறு மூன்று பட்டைகளைத் தமக்கே உரிமையாக்கிக்கொண்டார். ஆயினும், பின்னாளில் நேர்ந்த பண இழப்பால் அம்மூன்றையும் 1993-ஆம் ஆண்டு ஏலத்தில் விற்க நேர்ந்தது. பட்டைகள் கைமாறின, வெற்றிகள் கைமாறவில்லை. அவற்றை வாங்கியவரை எவரும் சாம்பியன் என்று அழைக்கவில்லை.

முகம்மது அலியின் வாழ்வும் இதனையே காட்டுகிறது. வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்தமையால், 1967-ஆம் ஆண்டு அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அவர் களம் காண இயலவில்லை. 1974-ஆம் ஆண்டு கின்சாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தி, இழந்த பட்டத்தை அவர் மீட்டார். அவ்வெற்றிக்குரிய பட்டை 2022-ஆம் ஆண்டு ஏறத்தாழ 62 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போயிற்று. அப்பெருந்தொகையைக் கொடுக்கச் செல்வர் ஒருவரால் இயலும். ஆனால், அந்த வெற்றியை நினைத்துப் போற்றும் உரிமை செல்வருக்கு மட்டும் உரியதன்று. சிறுதொகையைச் சேமித்து நகல் ஒன்றை வாங்கும் எளியவருக்கும் அவ்வுரிமை உண்டு.

ஆக்ராவுக்குச் சென்று திரும்புவோர் கல்லில் செதுக்கிய சிறிய தாஜ்மகாலை வாங்கி வருகின்றனர். அதனைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருப்பவரை ஷாஜகான் என்று யாரும் கருதுவதில்லை. அவரும் அவ்வாறு கூறிக்கொள்வதில்லை. நகல் பட்டையும் அத்தகைய நினைவுப்பொருளே.

எனினும், இதற்கு ஓர் எல்லை உண்டு. நகல் வேறு, போலி வேறு. "நான் நகல்" என்று ஒப்புக்கொள்வது நகல். "நானே மூலம்" என்று பொய் உரைப்பது போலி. நகல் பட்டையில் வீரரின் கையொப்பத்தைப் போலியாக இட்டு, அவர் அணிந்த பட்டையே இது என்று கூறி விற்பவர் இருவகைத் தீங்கு செய்கிறார். வாங்குபவரின் பணத்தைக் கவர்கிறார்; குருதியும் வியர்வையும் சிந்தி வென்றவரின் உழைப்பையும் இழிவுபடுத்துகிறார். உரிமை பெறாமல் ஓர் அமைப்பின் சின்னத்தைப் பொறித்து விற்பதும் முறையன்று. ஆதலால், நகல்களைச் சேர்ப்பவருக்கும் கடமைகள் உள்ளன. உரிமை பெற்றுச் செய்யப்பட்டதா என்று கேட்டறிந்து வாங்க வேண்டும். ஒவ்வொரு பட்டையின் அருகிலும் "நகல்" என்று தெளிவாக எழுதி, அதனை வென்றவர் யார், எங்கே, எப்போது வென்றார் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். கதை அறியாமல் சேர்த்த பட்டை வெறும் தகடே.

1980-ஆம் ஆண்டு முகம்மது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸ் என்னும் வீரருடன் காட்சிப் போட்டி ஒன்றில் மோதினார். அதில் எந்தப் பட்டத்துக்கும் இடமில்லை; அது காட்சிக்காக நடந்த சண்டையே என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். ஆயினும், மக்கள் திரண்டு சென்று கண்டனர். அங்கே எவரும் ஏமாற்றப்படவில்லை; அதனால் எவருடைய மகிழ்ச்சியும் குறையவில்லை. நேர்மையாகப் பெயரிடப்பட்ட நகலும் அத்தகையதே. அதனைச் சேர்ப்பவர் நகைக்கத்தக்கவர் அல்லர். பிறர் வெற்றியைப் பொறாமையின்றிப் போற்றக் கற்றவர் ஆவார்.

சிந்தித்து எழுதுக

1. நகலுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாட்டை உம் வீட்டிலுள்ள ஒரு பொருளைக் கொண்டு விளக்குக.
2. "பட்டைகள் கைமாறின, வெற்றிகள் கைமாறவில்லை." இக்கருத்தை நீவிர் ஏற்கின்றீரா? காரணம் தருக.