விடையைப் பார்க்கும் முன் வடிவத்தைச் சொல்லுங்கள்

மாணவர்களே, ஒரு பென்சிலும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைப் படியுங்கள். முதலில் ஒரு கேள்வி.

அம்மோனியா மூலக்கூறில் நடுவே ஒரு நைட்ரஜன் அணு, அதைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன் அணுக்கள். போரான் டிரைஃபுளோரைடு மூலக்கூறில் நடுவே ஒரு போரான் அணு, அதைச் சுற்றி மூன்று ஃபுளோரின் அணுக்கள். இரண்டிலும் நடுவில் ஒன்று, சுற்றிலும் மூன்று. அப்படியானால் இரண்டுக்கும் ஒரே வடிவம்தானே?

இல்லை. போரான் டிரைஃபுளோரைடு தட்டையானது. நான்கு அணுக்களும் ஒரே தளத்தில் கிடக்கும். பிணைப்புகளுக்கு இடையே 120 பாகை. அம்மோனியாவோ முக்காலியைப் போன்றது. நைட்ரஜன் மேலே நிற்க, மூன்று ஹைட்ரஜன்களும் கால்களாகக் கீழே விரிந்திருக்கும். கோணம் ஏறக்குறைய 107 பாகை.

ஏன் இந்த வேறுபாடு? “பயிற்சி நூலில் உள்ள அட்டவணையில் அப்படித்தான் போட்டிருக்கிறது” என்பது உங்கள் பதிலானால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். மூலக்கூறுகளின் வடிவங்களை அட்டவணையாக மனப்பாடம் செய்வது, வேதியியலின் மிக நல்ல பாடங்களுள் ஒன்றை வீணாக்குவதாகும் என்பது என் கருத்து. அது வெறுமனே நினைவில் வைக்க வேண்டிய பாடமன்று. முன்கூட்டிச் சொல்லிப் பார்க்க வேண்டிய பாடம்.

எண்ணத் தெரிந்தால் போதும்

நான்காம் படிவத்தில் இரசாயனப் பிணைப்பு படிக்கும்போது, புள்ளிகளும் குறுக்குகளும் இட்டு எலக்ட்ரான்கள் பகிரப்படுவதை வரைகிறீர்கள். அந்தப் படம் தாளில் தட்டையாக இருக்கும். அதை முப்பரிமாண வடிவமாக மாற்ற இன்னும் ஒரே ஓர் அடிதான் எடுத்துவைக்க வேண்டும். அந்த அடி ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே எடுத்துவைக்கலாம்.

விதி இதுதான். நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இணைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஆகவே அவை தம்மால் இயன்ற அளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன. 1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் சிட்ஜ்விக், பவல் ஆகிய இருவரும் எலக்ட்ரான் இணைகளின் எண்ணிக்கைக்கும் வடிவத்துக்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினார்கள். 1957இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ரொனால்ட் கில்லெஸ்பியும் ரொனால்ட் நைஹோமும் அதைத் தெளிவான கோட்பாடாக வளர்த்தெடுத்தார்கள். வெளிக்கூட்டு எலக்ட்ரான் இணைகளின் விலக்கக் கோட்பாடு என்று அதைச் சொல்லலாம். மாணவர்கள் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வெஸ்பர்’ என்பார்கள்.

பலூன்களைக் கொண்டு இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே அளவில் ஊதிய இரண்டு பலூன்களின் வாய்களைச் சேர்த்துக் கட்டுங்கள். அவை எதிரெதிராக, ஒரே கோட்டில் நிற்கும். மூன்றைக் கட்டினால் தட்டையான முக்கோணமாக விரியும். நான்கைக் கட்டினால் தட்டையாக நிற்காது; தானாகவே நான்முகி வடிவம் எடுக்கும். நீங்கள் அழுத்திவிட்டாலும் துள்ளித் திரும்பி அதே நிலைக்கு வரும். பலூன்களுக்கு வடிவக் கணிதம் யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க இடம் தேடுகின்றன, அவ்வளவுதான்.

இப்போது நம் இரண்டு மூலக்கூறுகளுக்கு வருவோம். போரானின் வெளிக்கூட்டில் 3 எலக்ட்ரான்கள். ஃபுளோரின்கள் ஆளுக்கு ஒன்று தருகின்றன. மொத்தம் 6, அதாவது 3 இணைகள். மூன்று பலூன்கள், ஆகவே தட்டையான முக்கோணம். நைட்ரஜனின் வெளிக்கூட்டில் 5 எலக்ட்ரான்கள். ஹைட்ரஜன்கள் தருவது 3. மொத்தம் 8, அதாவது 4 இணைகள். மூன்று இணைகள் பிணைப்பில் இருக்கின்றன. நான்காவது யாருடனும் பகிரப்படாத தனித்த இணை. கண்ணுக்குத் தெரியாத நான்காவது பலூன் அதுதான். அது மேலிருந்து தள்ளுவதால் மூன்று பிணைப்புகளும் கீழே சாய்கின்றன. தனித்த இணையை ஒரே ஓர் அணுக்கரு மட்டும் பிடித்திருப்பதால் அது சற்று அகலமாகப் பரவி, மற்றவற்றை அதிகமாக நெருக்கும். அதனால்தான் நான்முகிக்குரிய 109.5 பாகை, அம்மோனியாவில் 107 ஆகக் குறைகிறது. தனித்த இணைகள் இரண்டு உள்ள நீரில் அது 104.5 ஆகிறது.

அட்டவணையை மனப்பாடம் செய்தவர் தேர்வறையில் தடுமாறுவது இத்தகைய இடத்தில்தான். “ஒன்றைச் சுற்றி மூன்று என்றால் முக்கோணமா, முக்காலியா?” என்று நினைவைத் துழாவிக்கொண்டிருப்பார். எண்ணத் தெரிந்தவருக்கு அரை நிமிடம் போதும்.

கோணத்தால் கிடைக்கும் கடல்

“வடிவம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கார்பன் டை ஆக்சைடில் கார்பனின் 4 எலக்ட்ரான்களும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளில் இருக்கின்றன. ஓர் இரட்டைப் பிணைப்பை ஒரே பலூனாக எண்ண வேண்டும். ஆகவே இரண்டு பலூன்கள், நேர்க்கோடு. இரு பக்கமும் ஆக்சிஜன்கள் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுத்தாலும், இழுப்புகள் எதிரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. நீர் வளைந்த மூலக்கூறு. அதன் இழுப்புகள் ஈடாவதில்லை. ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின் தன்மையும் பெறுகின்றன. அதனால் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாகக் கவர்கின்றன.

பலன் என்ன தெரியுமா? கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு நிறை 44. நீருக்கு 18 மட்டுமே. இருந்தும், கனமான கார்பன் டை ஆக்சைடு நம் அறையில் வாயுவாகத் திரிகிறது. இலேசான நீர் குவளையில் திரவமாக நிற்கிறது, 100 பாகை செல்சியஸில்தான் கொதிக்கிறது. மூலக்கூறு வளைந்திருப்பதும் கடல் கடலாக இருப்பதும் தொடர்பில்லாத செய்திகள் அல்ல.

தவறாகப் போகும் துணிவு

இனி, நான் இந்தப் பாடத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்கான முதன்மைக் காரணம். அட்டவணையை ஒப்பிப்பவர், அட்டவணையில் இல்லாத மூலக்கூறைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. விதியைக் கொண்டு எண்ணுபவர், யாரும் இதுவரை பார்த்திராத மூலக்கூறைப் பற்றியும் ஒரு கணிப்பு சொல்ல முடியும். அந்தக் கணிப்பு தவறாகவும் போகலாம். அப்படித் தவறாகப் போகக்கூடிய ஒன்றைத் துணிந்து சொல்வதுதான் அறிவியல்.

செனானின் கதையைப் பாருங்கள். 1962 வரை, அது எந்தத் தனிமத்துடனும் சேராத வாயு என்று பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள். அந்த ஆண்டில் நீல் பார்ட்லெட் கனடாவில் செனானின் முதல் சேர்மத்தை உருவாக்கினார். அதைத் தொடர்ந்து செனானும் ஃபுளோரினும் சேர்ந்த சேர்மங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று செனான் ஹெக்ஸாஃபுளோரைடு. அதன் வடிவம் என்ன? ஆறு ஃபுளோரின்கள் ஒழுங்கான எண்முகியாக நிற்கும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். கில்லெஸ்பி எண்ணினார்: செனானின் 8, ஃபுளோரின்களின் 6, மொத்தம் 14, ஏழு இணைகள். ஆறு பிணைப்புகள் போக, ஒரு தனித்த இணை மிச்சம். அது எங்காவது நெருக்கியே தீரும். எனவே ஒழுங்கான எண்முகியாக இருக்காது என்றார். 1960களில் வாயு நிலையில் செய்யப்பட்ட சோதனைகள், அந்த மூலக்கூறு உருக்குலைந்த எண்முகி என்று காட்டின. பதினான்கை இரண்டால் வகுக்கத் தெரிந்த எவரும் பின்தொடரக்கூடிய வாதம் அது.

விதி எப்போதும் வெல்லுமா? வெல்லாது, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு குளோரின்கள் சூழ்ந்த டெலூரியம் அயனி ஒன்று உண்டு. இரட்டை எதிர்மின் கொண்ட அந்த அயனியில் எண்ணினால் அதே ஏழு இணைகள்தாம் வரும். ஆனால் அது ஒழுங்கான எண்முகியாகவே நிற்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு நீரைப் போலவே வளைந்தது என்று விதி சரியாகச் சொல்கிறது. ஆனால் கோணம் 92 பாகைதான் என்பதை விதியால் சொல்ல முடிவதில்லை. இடைநிலை உலோகச் சேர்மங்கள் பலவற்றில் இந்த எண்ணிக்கை உதவுவதே இல்லை.

இவற்றை ஆசிரியர்கள் மறைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஒரு விதி எங்கே உடைகிறது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த விதி உண்மையில் தெரியும்.

கணினி இருக்கும்போது ஏன்?

“இன்று கைப்பேசியில் தட்டினால் எந்த மூலக்கூறின் வடிவமும் திரையில் சுழலுமே, நாங்கள் ஏன் எண்ண வேண்டும்?” என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் உண்டு.

2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ‘ஆல்ஃபாஃபோல்ட்’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் கிடைத்தது. அந்தக் கருவி ஏறக்குறைய 20 கோடிப் புரதங்களின் வடிவங்களைக் கணித்திருக்கிறது. பெரிய சாதனை. ஆனால் ஒரு புரதத்தின் வடிவம் நம்பத்தக்கதா என்று சோதிக்க உலகெங்கும் இன்றும் பயன்படுத்தும் வரைபடம் எது தெரியுமா? 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் வெளியிட்டது. ராமச்சந்திரன் வரைபடம் என்பது அதன் பெயர்.

அவர்கள் கேட்ட கேள்வியும் நம் பலூன்களுக்கு உறவுதான். அங்கே எலக்ட்ரான் இணைகளின் இடத்தில் அணுக்கள். இரண்டு அணுக்கள் ஓர் அளவுக்கு மேல் நெருங்க முடியாது. அப்படியானால் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் முறுகலாம், எந்தெந்தக் கோணங்களில் முறுக முடியாது? கணக்கிட்டார்கள். பெரும்பாலான கோணங்களில் அணுக்கள் மோதிக்கொள்ளும். சில பகுதிகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டவை என்று கண்டார்கள். மிகச் சில புரதங்களின் வடிவமே தெரிந்திருந்த காலத்தில், எளிய ஒரு விதியிலிருந்து வந்த கணிப்பு அது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் திரையில் தெரிவதை நம்பலாமா என்று கேட்க அது உதவுகிறது.

திரை ஒரு வடிவத்தைக் காட்டும். அது சரியா என்று கேட்க உங்களிடம் ஒரு விதி இருக்க வேண்டும். விதி இல்லாதவர் காட்டியதையெல்லாம் நம்பித்தான் ஆக வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சோதனையிலும் பாடநூலில் இல்லாத ஒரு மூலக்கூறையாவது கொடுங்கள். விடை தவறினாலும் எண்ணிய முறை சரியாக இருந்தால் மதிப்பெண் கொடுங்கள். கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கும் சரியான விடையைவிட, காரணத்தோடு வரும் தவறான விடையிலிருந்து கற்றுக்கொடுக்க அதிகம் இருக்கிறது.

மாணவர்களே, இப்போது பென்சிலை எடுங்கள். கார்பன் டைசல்பைடு, நைட்ரஜன் டிரைஃபுளோரைடு, செனான் டெட்ராஃபுளோரைடு. மூன்றுக்கும் இணைகளை எண்ணி, வடிவத்தை வரைந்து, ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்றாவது கொஞ்சம் சிரமம். ஆறு பலூன்களைக் கற்பனை செய்துகொண்டு, தனித்த இணைகள் இரண்டும் எங்கே நின்றால் நெருக்கடி குறையும் என்று யோசியுங்கள். எழுதி முடித்த பிறகு மட்டும் நூலிலோ கைப்பேசியிலோ சரிபாருங்கள். தவறியிருந்தால் அழித்துவிடாதீர்கள். எந்த இடத்தில் தவறியது என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.