பழமை என்னும் பூச்சு

புதுமனை புகுவிழாவுக்குச் சீர் எடுப்போர் முன்பு பாத்திரக் கடைக்குச் சென்று குத்துவிளக்கோ வெள்ளிக் குங்குமச் சிமிழோ வாங்கி வந்தனர். இன்று பிள்ளைகள் கைப்பேசியிலேயே பொருளைத் தேர்ந்து பெற்றோரிடம் காட்டி ஒப்புதல் பெறுகின்றனர். அங்கே பழங்காலத் தோற்றம் கொண்ட பொருள்களுக்குத் தனி மவுசு. களிம்பு படிந்தாற்போன்ற நடராஜர், மூக்கு தேய்ந்த அம்மன், நிறம் மங்கிய தஞ்சாவூர் ஓவியம் எனப் பலவும் ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்ற பெயரோடு விற்பனைக்கு வருகின்றன. வரவேற்பறையின் அழகுக்காக இவற்றை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் வாங்குவது தெய்வத் திருவுருவம் என்றால், விலையைப் பார்க்குமுன் சிலவற்றைத் தெளிந்துகொள்வது நல்லது.

பழையதைப் பார்த்துப் புதியது செய்வது நம் மரபில் இழிவன்று. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்வோர், ஊரை நெருங்கும்போதே சாலையோரச் சிற்பக் கூடங்களின் உளியோசையைக் கேட்கலாம். அவ்வூரில் பல்லவர் வடித்த திரௌபதி ரதம், ஓலை வேய்ந்த குடிலின் வடிவத்தை ஒற்றைக் கல்லில் அப்படியே காட்டுவது. அந்த மரபைக் கற்பிக்க 1957-இல் அங்கே அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. உலகக் கைவினைக் கழகம் 2015-இல் மாமல்லபுரத்தைக் கற்சிற்பக் கலை நகரமாக ஏற்றது. 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்றைய சிற்பியும் தாலமான அளவுகளைக் கொண்டே முகம், மார்பு, பாதம் ஆகியவற்றை அமைக்கிறார். அளவு பழையது, கல் புதியது. இதை மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

மறைப்பவர் வேறு. கல்தூளையும் செயற்கைப் பிசினையும் கலந்து அச்சில் ஊற்றி, மேலே சாயம் தடவி, ‘கற்சிலை’ என்று விற்போர் உண்டு. படத்தில் வேறுபாடு தெரியாது, எடையில் தெரியும். கருங்கல் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம் இருக்கும். செம்பு மிகுந்த பஞ்சலோகம் 8 கிராமுக்கு மேல் இருக்கும். பிசின் வார்ப்பு பெரும்பாலும் கல்லைவிட இலேசானது. ஆகவே உயரத்தை மட்டும் கேட்காமல் எடையையும் கேட்க வேண்டும். சுவாமிமலையில் மரபு முறையில் வார்க்கும் திருவுருவங்கள் உள்ளே வெற்றிடமின்றிக் கனமாக இருக்கும். முதலில் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகம் ஊற்றுவர். மண் அச்சை உடைத்தே உருவத்தை எடுக்க வேண்டும் என்பதால் ஒன்றைப் போல் மற்றொன்று அச்சு அசலாக அமைவதில்லை. ஒரே படத்தைக் காட்டி நூறு உருவங்கள் இருப்பில் உள்ளன என்றால், அவை எவ்வாறு செய்யப்பட்டன என்று கேட்பதில் தவறில்லை.

மற்றொன்று, பழமையைக் காட்டுவதற்காகவே செய்யப்படும் சேதம். கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் சுமார் 1,300 ஆண்டுகள் உப்புக் காற்றில் நின்று தேய்ந்தவை. அந்தத் தேய்மானத்தை அமிலத்தாலும் அரத்தாலும் சில நாள்களில் உண்டாக்கி, விரல் உடைந்த, மூக்கு சிதைந்த உருவங்களை விற்கின்றனர். பின்னமான திருமேனி பூஜைக்கு ஆகாது என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. அலங்காரத்துக்கு என வாங்கிய அத்தகைய சிலை, நாளடைவில் பூஜை அறைக்குள் இடம்பெற்றுவிடக் கூடாது. வழிபாட்டுக்கு வேண்டுமெனில், அங்கங்கள் முழுமையாக அமைந்த, கையடக்கமான உருவமே வீட்டுக்கு ஏற்றது.

‘இது உண்மையிலேயே பழையது’ என்று விற்பவர் சொன்னால் இன்னும் விழிப்பு வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய சிற்பங்கள் தொல்பொருள்கள். அவற்றை விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன சோழர் கால நடராஜரை, 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. உண்மை வெளிப்பட்டபின், 2014 செப்டம்பரில் அத்திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய திருமேனிகளைப் புதிய கைவினைப் பொருள்கள் என எழுதிக் கடத்துவது சிலைக் கடத்தல் வழக்குகளில் வெளிவந்த செய்தி. புதியதைப் பழையது என்று விற்பவரும் பழையதைப் புதியது என்று கடத்துபவரும் ஒரே பொய்யின் இரு முனைகளைப் பற்றியவர்களே. உண்மையான பழைய விக்கிரகம் எனில், அது ஏதோ ஓர் ஊரார் இழந்த தெய்வமாக இருக்கக்கூடும் என்ற அச்சம் பக்தருக்கு இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் மக்களுக்குச் சிலை கொடுத்தனுப்புவோருக்கும் இது பொருந்தும். பழமைப் பூச்சுள்ள புதிய சிலை விமான நிலையச் சோதனையில் ஐயத்துக்கு இடமளிக்கலாம். அது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெற்றுவிடுவது நலம்.

இணையத்தில் வாங்குவோருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளம் திருப்பி அனுப்பும் முறையையும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தெரிவிக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிடில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி ரகசிய எண்ணை அழுத்தச் சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். தமிழக அரசின் பூம்புகார் நிறுவனமும் இணைய வழியில் விற்பதால், ஐயமுள்ளோர் அங்கு வாங்கலாம்.

புதிய திருவுருவம் என்பதில் குறை ஏதுமில்லை. இன்று பழமை வாய்ந்தவை என்று நாம் வணங்கும் மூர்த்திகளும் ஒரு நாள் சிற்பியின் கூடத்திலிருந்து புதிதாகப் புறப்பட்டவையே. நாள்தோறும் ஏற்றும் விளக்கும், சாத்தும் சந்தனமும், தலைமுறைகளின் கைகளும் பட்டுப் பட்டு அவற்றுக்கு அந்த மெருகு வந்தது. வாங்கிய ஆண்டையும், வடித்த ஊரையும், சிற்பியின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ரசீதோடு சேர்த்துப் பூஜைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். நூறு ஆண்டுகளுக்குப்பின் அந்தத் திருவுருவம் உண்மையிலேயே பழையதாகும்போது, அது நேர்மையாக வீடு வந்து சேர்ந்தது என்பதைப் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அறிவார்கள்.