இரண்டாவது அம்பு

2020-இல் மாலை ஐந்து மணியானால் போதும், அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அன்று என்ன எண்ணிக்கை சொல்லப்போகிறார் என்று வீடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடும். அடுத்த பத்து நிமிடத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழு நிரம்பி வழியும்.

அவ்வாண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் வானொலிக்கு வந்த அழைப்புகளும் மாறின. பாட்டு கேட்டவர்களைவிட, "தூக்கமே வரலைங்க" என்றவர்கள்தான் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்காகப் புத்தர் சொன்ன ஓர் உவமை.

ஒருவன் மேல் அம்பு பாய்கிறது. வலி தாங்கவில்லை. அதே நேரத்தில் இரண்டாவது அம்பும் பாய்ந்தால்? முதல் அம்பு உடலுக்கு நேரும் துன்பம். இரண்டாவது, அதை நினைத்து மனம் புலம்பித் தவிப்பது. பழகாத மனத்துக்கு இரண்டும் பாய்கின்றன. பழகிய மனத்துக்கு முதலாவது மட்டும்தான் என்கிறார் புத்தர்.

கோலாலம்பூரில் இருந்த ஒரு நேயரின் அம்மா அப்போது சுங்கைப்பட்டாணியில் தனியாக இருந்தார். மாநிலம் கடந்து போக முடியவில்லை. இது முதல் அம்பு. நிஜமான வலி. "அம்மா வழுக்கி விழுந்துட்டா? காய்ச்சல் வந்துட்டா?" என்று இரவு இரண்டு மணிக்கு ஓடுகிற படம் இரண்டாவது அம்பு. இன்னும் நடக்காத ஒன்றுக்கு இன்றே அழுகிறோம். பக்கத்து வீட்டு எண்ணை வாங்கி வைப்பதும், காலையும் மாலையும் அம்மாவிடம் பேசுவதும் நம் கையில் இருக்கின்றன. அதைச் செய்துவிட்டுப் படுக்கலாம்.

ஆனால், தினச்சம்பளம் நின்றுபோனவரிடம் போய் "மனசை அமைதியா வெச்சுக்கோங்க" என்றால் அது உபதேசமல்ல, கொடுமை. அவருக்கு முதலில் வேண்டியது அரிசி. நம் மணிமேகலையும் அமுதசுரபியை ஏந்திப் பசியைத்தானே தீர்த்தாள்?

புத்தரிடம் இன்னோர் அம்புக் கதையும் உண்டு. நச்சு அம்பு பட்டவன், எய்தவன் யார், எந்தக் குலம், எந்த ஊர் என்று தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றானாம். தெரிந்துகொள்வதற்குள் உயிர் போய்விடும். "கிருமியைப் பரப்பியது இவங்கதான்" என்று ஓர் இனத்தைக் கைகாட்டும் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அனுப்பாமல் விட்டாலே ஓர் அம்பு குறையும்.

செய்தியை நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பயம் வந்தால் விரட்ட வேண்டாம். "இது பயம்" என்று பெயர் சொல்லி, நான்கைந்து மூச்சைக் கவனியுங்கள். பிறகு, இப்போது செய்ய ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் செய்யுங்கள்.

2020-இல் விசாக தினம் மே 7 அன்று வந்தது. பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரையில் அவ்வாண்டு கூட்டம் கூட முடியவில்லை. விசாக தினத்தன்று வீட்டிலிருந்தபடியே, தனியாக இருக்கும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள்.